விழுந்தவர்மேல் கர்த்தருக்கு இரக்கம் உண்டா? எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. இங்குள்ள தமிழ்ச் சபைகளில் இந்தக் கேள்விகளை யாரும் மேடை ஏறிக் கேட்பதில்லை. ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போதோ, சாவு வீட்டு வாசலிலோ, இரவு நேர வாட்ஸ்அப் செய்தியிலோதான் கேட்பார்கள். பல வருடங்களாக வேதபாட வகுப்பு எடுப்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். கேட்டவர்களை யாரும் அடையாளம் காணாதபடி மாற்றித் தொகுத்திருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடியே இருக்கின்றன.

நான் தவறிப் போகும்போது ஆண்டவர் என்னைக் கோபமாகப் பார்க்கிறாரா?

பாவத்தின்மேல் அவருக்குக் கோபம் உண்டு. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. குடித்துவிட்டு வந்து பிள்ளையின் புத்தகப்பையை வாசலில் வீசுகிற தகப்பனைப் பார்த்துக் கோபமே வராத கடவுள், அந்தப் பிள்ளைக்கு நல்ல கடவுளாக இருக்க முடியாது.

ஆனால் கோபம் அவருடைய முதல் பெயர் இல்லை. யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் மக்கள் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிடுகிறார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு அதிக நாள் ஆகவில்லை. கடவுள் எழுதிக் கொடுத்த கற்பலகைகளை மோசே மலையடிவாரத்தில் போட்டு உடைக்கிறார். அந்த மக்கள் அவ்வளவு கேவலமாக விழுந்த பிறகு, 34ஆம் அதிகாரத்தில், இரண்டாவது முறை பலகைகளோடு மலையேறிய மோசேக்கு முன்பாகக் கடவுள் கடந்துபோய்த் தம்மை இப்படி அறிமுகப்படுத்துகிறார்: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." குற்றத்தைத் தண்டியாமல் விடமாட்டார் என்பதும் அதே பேச்சில் வருகிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள், இரக்கம் முன்னால் நிற்கிறது. மக்கள் ஒழுங்காக இருந்த ஒரு நாளில் அவர் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது.

103ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் படியுங்கள். "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்" என்பது நமக்கு மனப்பாடம். அடுத்த வசனத்தை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை: "நாம் இன்ன உருவென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." நாம் விழுந்தால் நமக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. அவருக்கு அது புதுச் செய்தி இல்லை.

முதலில் திருந்திவிட்டு, அப்புறம் சபைக்கு வருகிறேனே?

இந்த ஊரில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சூதாடித் தோற்றவர், கடன்காரன் கேட்டில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போன வீட்டுக்காரர், வேறொரு பெண்ணோடு பழகி ஊர் வாயில் விழுந்தவர் என எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி இதையே சொல்கிறார்கள். யாருக்கு இரக்கம் அதிகம் தேவையோ அவர்கள்தான் முதலில் விலகிப் போகிறார்கள்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாயிறுதோறும் வருவார், உள்ளே மட்டும் வரமாட்டார். மோட்டார்கள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் தூணில் சாய்ந்து நின்று பிரசங்கம் கேட்பார். கடைசிப் பாட்டு தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "நேத்து ராத்திரி போட்டிருக்கேன்மா. இந்த வாயோட எப்படி உள்ள வர்றது?" என்பார். பலரும் பலமுறை கூப்பிட்டார்கள், வரவில்லை. ஒரு ஞாயிறு சபை மூப்பர் ஒருவர் கூப்பிடுவதை விட்டுவிட்டு, பாட்டுப் புத்தகத்தோடு போய் அதே தூணருகே நின்றுகொண்டார். ஆராதனை முழுக்க அங்கேயே நின்றார். அடுத்த வாரமும் நின்றார். சில வாரங்களில் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரியவரின் குடி அன்றைக்கே நின்றுவிடவில்லை. அதற்கு இன்னும் நாள் பிடித்தது. ஆனால் அவர் உள்ளே இருந்துகொண்டு அதோடு போராடினார்.

லூக்கா 15இல் இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையும் இங்கேதான் பொருந்துகிறது. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போனவன், பஞ்சத்தில் பன்றி மேய்க்கிறான். பன்றி தின்கிற தவிடுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்ப முடிவு செய்ததும் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." அந்த வரியின் கனம் நம் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். விடியுமுன் பிரட்டில் (தோட்டத்தில் ஆள் எடுக்கும் இடத்தில்) போய் நிற்க வேண்டும், செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி, மழை பெய்து மரம் வெட்ட முடியாவிட்டால் அதுவும் இல்லை. மகன் கேட்கத் துணிந்தது அந்த வாழ்க்கையைத்தான்.

அவன் இன்னும் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, "மனதுருகி, ஓடி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவனை முத்தஞ்செய்தான்." மகன் குளித்திருக்கவில்லை, மன்னிப்பும் இன்னும் கேட்டிருக்கவில்லை. பேச்சைத் தொடங்குகிறான், ஆனால் கூலிக்காரன் என்ற வரிக்கு வந்து சேருவதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். வேதத்தைத் திறந்து பாருங்கள், 19ஆம் வசனத்தில் அவன் திட்டமிட்ட அந்த வரி 21ஆம் வசனத்தில் இல்லை.

திருந்துவது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தகப்பன் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது ஒழுங்காக நடக்கும்.

ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். எத்தனை தடவைதான் மன்னிப்பார்?

என் சகோதரனை ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபதுதரமட்டும் மன்னிக்கச் சொன்னார் இயேசு. நம்மிடம் இவ்வளவு கேட்கிறவர் தம்மிடம் வருகிறவனுக்கு அதற்குக் குறைவாகக் கொடுப்பாரா? "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்கிறது நீதிமொழிகள் 24:16. நீதிமான் விழவே மாட்டான் என்று அங்கே எழுதவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. குடி, போதைமாத்திரை, கைப்பேசியில் பார்க்கிற ஆபாசம், நாலு நம்பர் லாட்டரி, இணையச் சூதாட்டம் இவையெல்லாம் வெறும் மனவுறுதிக் குறைவால் தொடர்பவை அல்ல. உடம்பும் மூளையும் அதற்குப் பழகிவிடுகின்றன. நெடுங்காலமாகச் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஜெபித்துவிட்டு அரசாங்க கிளினிக்குக்கும் போங்கள், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மருந்து வாங்குவது விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கள்ளுக்கடை காலம் முதல் மது நம் தோட்டத்துக் குடும்பங்களை எவ்வளவு நாசம் செய்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்தச் சுமையை ஒரு ஆள் தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இஷ்டத்துக்குப் பாவம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா?

பவுலிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே." ரோமர் 6ஆம் அதிகாரம். இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரை மனதில் வைத்துத்தான் கேட்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டுப் பணத்தில் (சீட்டுப் பணத்தில்) கை வைத்துவிட்டேன். ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பணம் போட்டவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

ஆண்டவரிடம் அழுதது நல்லது. ஆனால் பணம் அவருடையது இல்லையே.

சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன், ஊரே வெறுத்தவன். இயேசு அவனைத் திட்டவில்லை. மரத்தின் கீழே நின்று, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அப்புறம்தான் அவன் வாயிலிருந்து கணக்கு வருகிறது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திரும்ப. மோசேயின் நியாயப்பிரமாணம் சாதாரணமாகக் கேட்டது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான் (எண்ணாகமம் 5:7). சகேயு, சட்டம் கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறான். இரக்கம் அவனுடைய மடியைத் தானாகவே அவிழ்க்க வைத்தது.

நீங்கள் செய்யவேண்டியது கஷ்டமானது, ஆனால் குழப்பமானது இல்லை. யார் யாருக்கு எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் நேரில் போய் உண்மையைச் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்லி, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சிலர் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுப் பணத்தைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதனால் யாராவது போலீசுக்குப் போகவும் கூடும், அதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள். வங்கிக் கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இந்த ஓட்டையை அடைக்க ஆ லோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரனிடம் வாங்கிவிடாதீர்கள்.

ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றால் அதன் விளைவு மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?

தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவும் வைத்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேராகச் சொன்னதும் உடைந்துபோகிறான். "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று நாத்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த வீட்டில் அதற்குப் பிறகு வந்த துக்கங்களைப் படித்தால் நெஞ்சு கனக்கும். மன்னிப்புக் கிடைத்தது, உரியா திரும்ப வரவில்லை.

ரப்பர் மரத்தில் கத்தி பட்டையை மட்டும் சீவினால் பட்டை திரும்ப வளர்ந்து ஒழுங்காக மூடிக்கொள்ளும். கை தவறி உள்ளே கட்டை வரைக்கும் போய்விட்டால், ஆறினாலும் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகவே இருக்கும். மறுபடி அந்தப் பக்கம் வெட்ட வரும்போது கத்தி இடறும். மரம் சாகாது, பாலும் தரும். தழும்பு மட்டும் இருக்கும். பழைய கைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

சிறையில் இருந்து வந்தவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். விவாகரத்தான வீட்டில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் அலைவார்கள். இதையெல்லாம் கடவுள் இன்னும் மன்னிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தழும்போடு வாழ்கிற நாட்களிலும் அவர் கூட இருக்கிறார். தாவீது 51ஆம் சங்கீதத்தைப் பாடியது அந்த இடத்திலிருந்துதான்: "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயத்தை நீர் புறக்கணியீர்."

எனக்கு வந்த வியாதி நான் செய்த பாவத்துக்குத் தண்டனையா? பெற்றவர்கள் செய்ததா? உறவுக்காரர்கள் போன ஜென்மத்து வினை என்கிறார்கள்.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களே இதே கேள்வியைக் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9). கிறிஸ்தவ விசுவாசத்தில் முன்ஜென்மக் கணக்கு என்று ஒன்று இல்லை. தகப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 தெளிவாகச் சொல்கிறது.

உறவுக்காரர்களோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம். நம் குடும்பங்களில் பாதிப்பேர் கோயிலுக்கும் பாதிப்பேர் சபைக்கும் போகிறவர்கள். ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சோறு கொண்டுவருவது அவர்கள்தான். எனக்கு வருத்தம் தருவது வேறு. நம் சபையாரே சிலர் நோயாளியின் கட்டிலருகே நின்று, "ஏதாவது மறைவான பாவம் இருக்கா, யோசிச்சுப் பாருங்க" என்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் பக்கம் பக்கமாகப் பேசியதும் இதைத்தான். கடைசியில் கர்த்தர் அந்த நண்பர்கள்மேல்தான் கோபப்பட்டார்.

நான் பாவம் எதுவும் செய்யவில்லை. ஆனால் எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் தோற்றுவிட்டேன், அம்மா யாரிடமும் பேசுவதில்லை. இதற்கும் ஆண்டவருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு தம்பி. முதலில், தேர்வில் தோற்பது பாவம் இல்லை. கடை நொடித்துப்போவதும், கல்யாணம் தள்ளிப்போவதும், வேலையிலிருந்து நிறுத்தப்படுவதும் பாவம் இல்லை. நம் ஊரில் இரண்டையும் ஒரே முகத்தோடு பார்க்கிறார்கள், அது தப்பு.

எலியாவைப் படி (1 இராஜாக்கள் 19). பெரிய தீர்க்கதரிசி. யேசபேல் ராணி மிரட்டியதும் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், நான் சாக வேண்டும் என்கிறான். கடவுள் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூதன் வந்து தட்டியெழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறான். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்புகிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. ஏன் ஓடிவந்தாய் என்ற விசாரணை நாற்பது நாள் கழித்து மலையில்தான் வருகிறது, அதுவும் மெல்லிய சத்தமாக.

உன் அம்மாவிடம் இந்த அதிகாரத்தைக் காட்டு. தேர்வைத் திரும்ப எழுதலாம், கைத்தொழில் கல்லூரிகளும் இருக்கின்றன. அதை அடுத்த வாரம் பேசலாம். இப்போது சாப்பிடு, தூங்கு.

சாக வேண்டும் போலிருக்கிறது. இப்படி நினைப்பதையே ஆண்டவர் மன்னிப்பாரா?

எலியா நினைத்தான், யோனா நினைத்தான், யோபு தான் பிறந்த நாளைச் சபித்தான். மூன்று பேரையும் கடவுள் தள்ளிவிடவில்லை. மூன்று பேரோடும் பேசினார்.

தயவுசெய்து இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல எண் 15555. கையில் விஷமோ கயிறோ இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 999ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

இப்படி ஒருவரை இழந்த குடும்பங்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை எங்கே என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சாவு வீட்டுக்கு வந்த யாருக்கும் இல்லை. கடைசி நிமிடத்தில் அந்த மனதுக்குள் நடந்தது அவனுக்கும் அவனைப் படைத்தவருக்கும்தான் தெரியும். அவர் இரக்கமுள்ளவர் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணவர் அடிக்கிறார். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்கிறார். ஆண்டவர் மன்னிப்பதுபோல நீயும் மன்னித்துவிடு என்கிறார்கள்.

இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன் அக்கா. மன்னிப்பது வேறு, அடி வாங்க அங்கேயே இருப்பது வேறு. இயேசு, தம்மை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட வந்தவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார் (லூக்கா 4:30). அவர்களை அவர் வெறுத்ததாக யாரும் சொல்வதில்லை.

கணவருக்கும் கடவுளின் இரக்கம் உண்டு. ஆனால் இரக்கம் கிடைத்ததற்கு அடையாளம் அழுகை இல்லை. கையை நிறுத்துவதும், உதவி தேடுவதும், நீங்கள் பயப்படாமல் தூங்கும்படி தானே விலகி இருக்கச் சம்மதிப்பதும்தான் அடையாளம். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2017இல் வந்த திருத்தத்தின்படி, சமூகநல இலாகா அதிகாரியே 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999. அடி பட்டிருந்தால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காயத்தை எழுதி வைப்பார்கள்.

சபைத் தலைவர்களே, வீட்டுக்குத் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு முன், அவள் போனால் பாதுகாப்பாக இருப்பாளா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கும் கர்த்தர் இரங்குகிறவர்தான், முதலில் அவளுக்குத்தான்.

ஊழியத்தில் இருந்தவர் விழுந்தால்? அவரைத் திரும்பச் சேர்க்கலாமா?

பேதுருவை நினைத்துப் பாருங்கள். உம்மோடே மரிக்கவும் ஆயத்தம் என்று சொன்ன அதே இரவில், பிரதான ஆசாரியனின் அரமனை முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மூன்று முறை மறுதலித்தார். ஆனால் அவர் விழுவதற்கு முன்னாலேயே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு சொல்லியிருந்தார். உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையில் இருந்த தூதன் பெண்களிடம் சீஷரிடத்திற்கும் "பேதுருவினிடத்திற்கும்" போய்ச் சொல்லச் சொல்கிறான் (மாற்கு 16:7). பேதுரு தான் இனிச் சீஷன் என்ற கணக்கில் வருவேனா என்று தவித்திருப்பார். அவர் பேரைத் தனியாகச் சொல்லியாக வேண்டியிருந்தது.

அப்புறம் யோவான் 21இல் கரையில் மறுபடி ஒரு கரிநெருப்பு. கலிலேயாக் கடல் என்றதும் மோரிப் கடற்கரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு நன்னீர் ஏரி, சுமார் 21 கிலோமீட்டர் நீளம், விடியற்காலையில் அக்கரை தெரிகிற தண்ணீர். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் சிக்காமல் இருந்தவர்களுக்கு இயேசு மீன் சுட்டு, அப்பம் வைத்துக் காத்திருக்கிறார். சாப்பிட்ட பிறகுதான் கேட்கிறார், மூன்று முறை: என்னை நேசிக்கிறாயா? மூன்றாந்தரம் பேதுருவுக்கு வலிக்கிறது. இயேசு அந்தக் காயத்தைத் தொடாமல் விடவில்லை. தொட்டு, சுத்தம் செய்து, என் ஆடுகளை மேய் என்கிறார்.

எனவே சேர்க்கலாம். ஆனால் மன்னிப்பும் பதவியும் ஒன்றல்ல. காணிக்கைப் பணத்தை எடுத்தவரை மன்னித்து, திருவிருந்தில் பக்கத்தில் உட்கார வைப்போம். கணக்குப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்காமல் இருப்பதும் அவர்மேல் வைக்கிற இரக்கம்தான். பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர் என்றால் விஷயமே வேறு. போலீசில் புகார் கொடுக்க வேண்டும், ஞாயிறு பள்ளிப் பக்கம் அவர் திரும்பவும் வரக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

மாற்கு என்கிற யோவானையும் சொல்ல வேண்டும். பம்பிலியாவில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர். அடுத்த பயணத்துக்குப் பவுல் வேண்டாம் என்றார், பர்னபா வேண்டும் என்றார். இரண்டு பேரும் பிரிகிற அளவுக்குச் சண்டை. பின்னாளில் சிறையிலிருந்து பவுலே எழுதுகிறார், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று. நடுவில் பர்னபா என்று ஒருவர் இல்லாமல் அது நடந்திருக்காது. ஒவ்வொரு சபைக்கும் ஒரு பர்னபாவாவது வேண்டும்.

மன்னிக்கவே முடியாத பாவம் ஒன்று இருக்கிறதாமே? நான் செய்துவிட்டேனோ?

மத்தேயு 12இல் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தைப் பற்றி இயேசு பேசுகிறார். பிசாசு பிடித்தவர்களை அவர் குணமாக்குவதைக் கண்ணால் கண்டும், அது பிசாசின் வேலை என்று பிடிவாதமாகச் சொன்னவர்களிடம் சொன்னது அது. செய்துவிட்டேனோ என்று பயந்து அழுகிற மனசு அந்த மனசு இல்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்றவரும் அவரேதான்.

பாதரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, நேரே ஆண்டவரிடம் சொன்னால் போதுமா?

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பாதரிடம் சொன்னது வெளியே போகாது. மெதடிஸ்ட், லூத்தரன், பெந்தெகொஸ்தே சபையினர் நேராகக் கடவுளிடம் அறிக்கை செய்கிறோம். ஆனாலும் யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. அதை நாம் அநேகமாக மறந்துவிட்டோம். வாய் திறந்து ஒரு மனிதரிடம் சொல்லும்போது பாதிப் பாரம் இறங்குகிறது. வாயைக் கட்டுகிற ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பேரில் ஊரெல்லாம் பரப்புகிறவரிடம் வேண்டாம்.

என் மகன் மறுவாழ்வு மையத்திலிருந்து வருகிறான். ஞாயிறு அவனைக் கூட்டி வந்தால் சபையார் எப்படிப் பார்ப்பார்களோ?

சிலர் பார்க்கத்தான் செய்வார்கள். கெட்ட குமாரன் கதையில் வயலிலிருந்து வந்த மூத்தவன் வீட்டுக்குள் வராமல் கோபித்துக்கொண்டு நிற்கிறான். அவன் சொன்னதும் பொய் இல்லை, இத்தனை வருஷம் உழைத்தவன். தகப்பன் அவனையும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே வந்தானா என்று இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார். சபையில் பல வருஷமாக ஒழுங்காக இருக்கிற நாம் ஒவ்வொருவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகன் வரும் ஞாயிறு, முன்கூட்டியே போதகருக்குச் சொல்லிவிடுங்கள். அவனைச் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆர்வத்தில் அதைச் செய்துவிடுவார்கள், சில மாதம் கழித்து அவன் மறுபடி தடுமாறினால் திரும்பி வர அவனுக்கு முகம் இருக்காது. அவன் வயதுப் பையன்கள் இரண்டு பேரிடம் மட்டும் பேசி வையுங்கள், ஆராதனைக்குப் பிறகு சாப்பிடக் கூட்டிப் போகட்டும்.

ஜெபிக்கவே வாய் வரவில்லை. என்ன சொல்வது?

ஆலயத்தில் தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் சொன்னதைச் சொல்லுங்கள்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அவனே நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்று இயேசு சொன்னார் (லூக்கா 18). அதுவும் வரவில்லை என்றால் 51ஆம் சங்கீதத்தை மெதுவாக, சத்தமாகப் படியுங்கள். எழுத்துக்கூட்டப் பார்வை இல்லாத பெரியவர்கள் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், கைப்பேசியில் ஒலிவடிவமாகவும் கிடைக்கிறது. காலையிலோ இரவிலோ, லோரியில் உட்கார்ந்திருக்கும்போதோ, எப்போது தோன்றினாலும் சொல்லலாம். மூச்சில் சாராய வாடை இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.